உங்கள் முதுகலைப் படிப்பை நீங்களே வடிவமைக்கலாம்: மனித வளர்ச்சியும் நிறுவனமும் – ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவர், பள்ளியில் பாடம் நடத்திவிட்டுப் பயிற்சித் துறைக்கு வந்தவர், மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர், தொண்டு நிறுவனத்தில் திட்ட மேலாளர். இவர்கள் மேலே படிக்க முடிவு செய்தால் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. எம்.பி.ஏ.வில் நிறுவனம் இருக்கிறது. ஆனால் நாற்பது வயதில் ஒரு மனிதர் எப்படி மாறுகிறார், ஏன் மாற மறுக்கிறார் என்பதற்கு அங்கே பெரிதாக இடமில்லை. உளவியலில் மனிதர் இருக்கிறார். ஆனால் அவர் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கழிக்கும் ஆலையும் ஆபீஸும் ஒரு ஓரத்தில்தான் வருகின்றன.

இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி உண்டு. பாடங்களை, களப்பணியை, ஆய்வேட்டை நீங்களே தேர்ந்து ஒரு திட்டமாக எழுதி, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடு படிப்பது. அமெரிக்காவில் இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1972-இல் 'சுவர்கள் இல்லாத பல்கலைக்கழகம்' என்ற பெயரில் தொடங்கிய முயற்சிதான் இன்றைய காலட்டின் பள்ளி. 1974-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஃபீல்டிங் என்ற பல்கலைக்கழகம் தொடங்கியது. வேலையில் இருக்கும் நடுவயதினரை மனதில் வைத்தே உருவான நிறுவனம் அது. மனித வளர்ச்சியிலும் நிறுவன வளர்ச்சியிலும் முனைவர் பட்டம் வரை அங்கே படிக்கலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப் போவது ஒன்றைத்தான்: பாடப் பட்டியலில் தொடங்காதீர்கள். ஒரு கேள்வியில் தொடங்குங்கள். பட்டியலில் தொடங்கியவர்களின் திட்டம், பிடித்த பாடங்களின் தொகுப்பாக நின்றுவிடுகிறது. ஒப்புதல் தரும் குழு முதலில் நிராகரிப்பதும் அதைத்தான்.

முதல் படி: கேள்வியைக் கண்டுபிடிப்பது

இதற்கு இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படவே வேண்டாம்.

'தலைமைப் பண்பு', 'ஊழியர் ஈடுபாடு', 'மாற்ற மேலாண்மை' எல்லாம் தலைப்புகள்தான், கேள்விகள் இல்லை. உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப நடக்கிற, எல்லாரும் ஒரு சுலபமான விளக்கம் வைத்திருக்கிற, அந்த விளக்கம் உங்களுக்கு மட்டும் ஒத்துவராத ஒரு விஷயம் இருக்கும். அங்கே போய்த் தேடுங்கள்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வைத்துப் பேசலாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பொறுப்பில் இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். டெய்லராகப் பல வருடம் நன்றாக வேலை செய்த பெண்களை லைன் சூப்பர்வைசராக உயர்த்துகிறார்கள். சில மாதங்களில் அவர்களில் பலர், "மேடம், என்னை மறுபடி மெஷினுக்கே அனுப்பிடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். நிர்வாகத்தின் விளக்கம்: அவர்களுக்குத் தைரியம் போதாது. தீர்வு: இரண்டு நாள் தலைமைப் பயிற்சி. பயிற்சிக்குப் பிறகும் அதேதான் நடக்கிறது.

இந்த எச்.ஆர். பெண் முதலில் எழுதும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'பெண் சூப்பர்வைசர்களுக்குச் சிறந்த பயிற்சி எது?' இதில் விடை ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. பயிற்சிதான் தேவை என்று முடிவு செய்தாகிவிட்டது. கொஞ்சம் தோண்டினால் வேறு ஒன்று வரும்: 'நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்த தோழிக்கு இன்று வேலை சொல்லும் இடத்துக்கு நகரும்போது, அந்தப் பெண் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தில் என்ன மாற வேண்டியிருக்கிறது? அந்த மாற்றம் நடக்க, லைனும் நிர்வாகமும் எப்படி மாற வேண்டியிருக்கிறது?' முதல் பாதி மனித வளர்ச்சி. இரண்டாம் பாதி நிறுவனம். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு விடை தேட முடியாது. இப்படி நீங்களே வடிவமைக்கும் தனிப்பட்ட பட்டம் எதற்கு என்று யார் கேட்டாலும் இந்தக் கேள்வியே பதில் சொல்லிவிடும்.

உங்கள் கேள்வியை மூன்று விதத்தில் சோதித்துப் பாருங்கள். அதில் மனிதரும் நிறுவனமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கிறார்களா? விடை இருக்கும் இடத்துக்குள் உங்களால் போக முடியுமா, அதாவது அந்த ஆலை, அந்த வார்டு, அந்தப் பள்ளி உங்களை உள்ளே விடுமா? உங்கள் ஊகம் தவறு என்று தெரியவந்தால் அதை எழுதத் தயாரா? மூன்றாவதுக்கு உள்ளுக்குள் தயக்கம் இருந்தால் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு தேடுவது நல்லது. பிரசாரத்துக்குப் பட்டம் தேவையில்லை.

இரண்டாம் படி: துறையின் நிலப்பரப்பைத் தெரிந்துகொள்வது

பாடங்களின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் ஏமாற்றம் நிச்சயம். 'மனித வளர்ச்சி' என்ற தலைப்பில் மூன்று வெவ்வேறு மரபுகள் ஓடுகின்றன. ஒன்று உளவியல் மரபு: எரிக் எரிக்சன் வாழ்நாளை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ராபர்ட் கீகன் பெரியவர்களும் பொருள் கொள்ளும் விதத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்றார். இரண்டாவது பொருளாதார மரபு: மஹ்பூப் உல் ஹக் முன்னெடுத்து, அமர்த்தியா சென்னின் சிந்தனை துணைநிற்க, ஐ.நா. 1990-இலிருந்து வெளியிடும் மனித வளர்ச்சி அறிக்கைகளின் மரபு. மூன்றாவது, இந்தியாவில் மனையியல் துறைகளின் வழியாக வந்த குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் மரபு. கோயம்புத்தூர் அவிநாசிலிங்கம், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இது வலுவாக இருக்கிறது. நம் திருப்பூர்க் கேள்விக்கு முதல் மரபு முதுகெலும்பு. இரண்டாவது ஒரு பாடமாவது வேண்டும், ஏனென்றால் 'அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன தேர்வுகள் இருந்தன?' என்று கேட்கக் கற்றுத்தருவது அதுதான். மூன்றாவது இந்தக் கேள்விக்குத் தேவைப்படாது.

நிறுவனப் பக்கத்திலும் அதே மாதிரி. 1940-களில் உளவியலாளர் கர்ட் லெவின் தொடங்கிவைத்த செயல் ஆய்வு மரபு இருக்கிறது: ஒரு அமைப்பைப் புரிந்துகொள்ள அதை மாற்றிப் பார்க்க வேண்டும், அதில் இருப்பவர்களையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் 1947-இல் இறந்தார். அதே வருடம் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில் அவருடைய சகாக்கள் குழுப் பயிற்சிப் பட்டறைகளைத் தொடங்கினார்கள். நிறுவன வளர்ச்சி என்ற துறையே பெருமளவு அங்கிருந்து கிளைத்தது.

மனித உறவுகளை ஆராயும் லண்டனின் டேவிஸ்டாக் நிறுவனத்தின் மரபு இன்னொன்று. இதில் நமக்கு மிக நெருக்கமான ஒரு அத்தியாயம் உண்டு. அகமதாபாத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி கூடவில்லை. 1953-இல் டேவிஸ்டாக்கைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அங்கே வந்தார். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு வேலைக்கு மட்டும் பொறுப்பாக, யாருக்கும் யாரோடும் நிலையான உறவில்லாமல் இருந்ததை அவர் கண்டார். குறிப்பிட்ட தறிகளின் தொகுதிக்கு ஒரு சிறு குழு மொத்தமாகப் பொறுப்பேற்கும் யோசனையை முன்வைத்தார். தொழிலாளர்களே அதை எடுத்துக்கொண்டு தங்களுக்குள் குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. 1970-இல் அதே டேவிஸ்டாக்கின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, அந்த முறை சில இடங்களில் நிலைத்திருந்தது, சில இடங்களில் கரைந்துபோயிருந்தது. ஜவுளி ஆலையை வைத்து ஆய்வு செய்ய நினைக்கும் எவரும் இந்த இரண்டு பகுதிகளையும் படிக்க வேண்டும். வெற்றிக் கதையை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது நம் துறையின் பெரிய கெட்ட பழக்கம்.

இந்திய மரபையும் விடக்கூடாது. உதய் பரீக், டி. வி. ராவ் இருவரும் 1970-களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோவுக்காக ஒரு மனிதவள வளர்ச்சி அமைப்பை வடிவமைத்தார்கள். 'பெர்சனல்' துறையாக இருந்ததை வளர்ச்சிக்கான துறையாக மாற்ற அவர்கள் எடுத்த முயற்சி இன்றைய எச்.ஆர்.காரர்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் வாசிப்புப் பட்டியல் முழுவதும் வெளிநாட்டுப் பெயர்களாக இருந்தால், குழுவில் யாராவது கேட்கும் முன்பே நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பகுதி ஆய்வு முறை. நேர்காணல், கள அவதானிப்பு, செயல் ஆய்வு, அடிப்படைப் புள்ளியியல். பலர் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிறார்கள். முதல் செமஸ்டரிலேயே ஒரு முறையியல் பாடம் எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எங்கே படிப்பது

தேர்வுகள் மூன்று வகை.

முதல் வகை, முழுக்க நீங்களே வடிவமைக்கும் பட்டம். காலட்டின் முதுகலை நல்ல உதாரணம்: 40 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), கூடவே ஒரு ஆலோசகர். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மற்றப் பள்ளிகளில் உள்ள முதுகலைப் பாடங்களையும் எடுக்கலாம். ஸ்டைன்ஹார்ட் பள்ளியில் பயன்பாட்டு உளவியல், வாக்னர் பள்ளியில் பொதுச்சேவை நிர்வாகம் என்று நம் துறைக்குத் தேவையான இரண்டு பக்கமும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் கிடைக்கும். முடிவில் எழுதுவது ஆய்வேடாகவும் இருக்கலாம், கலைப் படைப்பாகவும் இருக்கலாம், ஒரு செயல்திட்டமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் வகை, ஊரில் வேலையில் இருந்தபடியே இணையவழியிலும் இடையிடையே சில நாள் நேரடிச் சந்திப்புகளிலும் படிப்பது. ஃபீல்டிங் இந்த வகை. மூன்றாம் வகை, பெயர் முன்பே முடிவான, ஆனால் உள்ளே விருப்பப் பாடங்களுக்கு இடம் தரும் பட்டம். கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜில் உள்ள சமூக-நிறுவன உளவியல், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் நிறுவன வளர்ச்சி, மாற்றம், தலைமை குறித்த முதுகலை ஆகியவை இதில் சேரும்.

எந்த வகையானாலும், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அங்கீகாரம் முதலாவது. அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுக் கல்வித்துறை ஏற்ற அங்கீகார அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று கல்வித்துறையின் தரவுத்தளத்திலேயே பாருங்கள். கல்லூரியின் சொந்த விளம்பரத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாவது, நிறுவனத்தின் நிதி நிலை. இது யாரும் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. சுயமாக வடிவமைக்கும் படிப்புகளுக்குப் பேர்போன வெர்மான்ட்டின் காடர்ட் கல்லூரி 2024-இல் மூடப்பட்டது. 1964-இல் சில கல்லூரிகள் கூடித் தொடங்கிய கூட்டமைப்பிலிருந்து வளர்ந்த யூனியன் இன்ஸ்டிட்யூட்டும் அதே 2024-இல் மூடப்பட்டது. இரண்டுமே இந்த மரபின் முன்னோடிகள். சிறிய நிறுவனங்களின் அருமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா, அங்கீகார அமைப்பு ஏதாவது எச்சரிக்கை விடுத்திருக்கிறதா, மூடினால் மாணவர்கள் படிப்பை முடிக்க என்ன ஏற்பாடு என்று நேராகக் கேளுங்கள். தனிப்பட்ட பட்டத்தை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவது சாதாரணப் பட்டத்தை மாற்றுவதைவிடக் கடினம்.

மூன்றாவது, விசா. இணையவழிப் படிப்பை வைத்து அமெரிக்க மாணவர் விசா கிடைக்காது. எஃப்-1 என்ற அந்த மாணவர் விசாவில் போகிறவருக்கும், முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டும்தான் சேரும். ஆகவே அங்கே போய் வாழ்ந்து படிக்க விரும்பினால் இரண்டாம் வகை உங்களுக்கானது இல்லை.

நான்காவது, இந்தியாவில் இந்தப் பட்டம் எதற்குச் செல்லும் என்பது. அரசு வேலை, கல்லூரி ஆசிரியப் பணி, இங்கே முனைவர் படிப்பு ஆகியவற்றுக்கு வெளிநாட்டுப் பட்டம் இணையானது என்ற சான்று கேட்பார்கள். இணையவழிப் பட்டங்களுக்கு இதில் சிக்கல் வரலாம். சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கல்லூரி வேலைக்கான விளம்பரங்களில் 'சம்பந்தப்பட்ட பாடத்தில் முதுகலை' என்றுதான் இருக்கும். நீங்களே பெயர் வைத்த பட்டம் எந்தப் பாடத்தோடு சம்பந்தப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியராவதுதான் உங்கள் இலக்கு என்றால், இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உளவியலிலோ சமூகப்பணியிலோ வழக்கமான முதுகலையை எடுத்து, உங்கள் கேள்வியை ஆய்வேட்டில் வையுங்கள்.

இந்தியாவுக்குள்ளேயே வடிவமைக்க முடியுமா?

பட்டத்தின் பெயரையே மாணவர் வைக்கும் வசதி இங்கே அரிது. ஆனால் 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு உள்ளடக்கத்தை வளைக்க நிறைய இடம் வந்திருக்கிறது. 2021 விதிகளின்படி, உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயமில் எடுக்கலாம். அதே வருடம் வந்த கிரெடிட் வங்கித் திட்டத்தில் சேர்த்த கிரெடிட்டுகளை 7 வருடம் வரை பயன்படுத்தலாம். 2022-லிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளில் சேரவும் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கிறது.

நடைமுறையில் நான் சொல்லும் சேர்க்கை இது: இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) உளவியல் முதுகலையில் இரண்டாம் ஆண்டு தொழில்-நிறுவன உளவியல் பிரிவு. கூடவே ஸ்வயமில் ஆய்வு முறை, சமூகவியல் பாடங்கள். அவற்றுக்குக் கிரெடிட் கிடைக்கவில்லை என்றாலும் கற்றல் வீணாகாது. பிறகு இந்தியப் பயன்பாட்டு நடத்தை அறிவியல் கழகம், அதாவது 'இஸாப்ஸ்', நடத்தும் குழுச் செயல்முறைப் பட்டறை ஒன்று. பெத்தலில் தொடங்கிய அந்த மரபின் இந்திய வாரிசு அது. இதற்குக் கிரெடிட் கிடையாது, ஆனால் ஒரு குழுவுக்குள் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அப்படிக் காட்டாது.

நான்காம் படி: மனிதர்களைச் சேர்ப்பது

ஆலோசகர் சரியாக அமையாத தனிப்பட்ட பட்டம் பாதியில் நின்றுவிடும். வழக்கமான படிப்பில் வகுப்பும் நண்பர்களும் தேர்வுத் தேதியும் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். இங்கே அவை எதுவும் கிடையாது. அந்த வேலையை ஒன்றிரண்டு மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

சேருவதற்கு முன்பே, நீங்கள் விரும்பும் ஆசிரியர்கள் மூன்று நான்கு பேருக்கு எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலை நாடுகிறேன்' என்று நீட்டிக்கொண்டு போகாமல், ஒரு பத்தி போதும். நம் உதாரணத்தில் அது இப்படி வரலாம்: 'நான் ஒரு பின்னலாடை ஆலையில் மனிதவளத் துறையில் பத்து ஆண்டுகளாக இருக்கிறேன். பதவி உயர்வு பெற்ற பெண் தொழிலாளர்கள் பலர் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறார்கள். தனிநபர் தன்னம்பிக்கை பற்றிய விளக்கம் எனக்குப் போதவில்லை. பெரியவர்களின் வளர்ச்சி பற்றிய கோட்பாடுகளையும் வேலை அமைப்பு பற்றிய ஆய்வுகளையும் சேர்த்து இதைப் பார்க்க விரும்புகிறேன். தாங்கள் எழுதிய இந்தக் கட்டுரையில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை. இதைப் பற்றி இருபது நிமிடம் பேச முடியுமா?' ஒரு உண்மையான சந்தேகம் இருக்கும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் யோசனையில் ஓட்டை எங்கே என்று அவர் சொல்கிறாரா? 'அருமை, செய்யுங்கள்' என்று மட்டும் சொல்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், நல்ல ஆலோசகராக இருக்க மாட்டார். குழுவில் மூன்று பேர் என்றால் ஒருவர் உளவியல் பக்கம், ஒருவர் நிறுவனப் பக்கம், ஒருவர் உங்கள் அணுகுமுறையோடு உடன்படாதவர் என்று அமைப்பது நல்லது. நம் கேள்விக்கு அந்த மூன்றாமவர் தொழிலாளர் உறவு ஆய்வாளராக இருக்கட்டும். 'கூலியையும் வேலை நேரத்தையும் பேசாமல் மன வளர்ச்சியை மட்டும் பேசுகிறீர்களே' என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி அது.

ஐந்தாம் படி: திட்டத்தை எழுதுவது

இப்போதுதான் பாடங்கள் வருகின்றன. 40 கிரெடிட்டை வைத்துக் கணக்குப் போடலாம். மனித வளர்ச்சிக்கு 12, நிறுவனத்துக்கு 10, ஆய்வு முறைக்கு 8, களப்பணிக்கு 4, ஆய்வேட்டுக்கு 6. பெரும்பாலானவர்கள் முறைக்கு 3 அல்லது 4 ஒதுக்கிவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். அதனால்தான் அங்கே 8.

நேரக் கணக்கை மறக்க வேண்டாம். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து ஏறக்குறைய 45 மணி நேரம். 40 கிரெடிட்டுக்கு 1,800 மணி நேரம். இரண்டரை வருடத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு சுமார் 14 மணி நேரம், விடுமுறை வாரங்களையும் சேர்த்து. இந்தியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் 30 மணி நேரம், ஒரு வருடத்துக்கு 40 கிரெடிட். வேலை, குடும்பம், குழந்தைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவே அந்த 14 மணி நேரம் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று காலண்டரில் குறியுங்கள். வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து குறியுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாத கால அட்டவணை இரண்டு மாதம்கூடத் தாங்காது.

ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டத்தில் என்ன எழுத வேண்டும்? வயது வந்தோர் கல்வியில் பெரும் செல்வாக்கு செலுத்திய மால்கம் நோல்ஸ் வகுத்த கற்றல் ஒப்பந்த முறை இன்றும் உதவுகிறது. என்ன கற்கப் போகிறேன், எதை வைத்து, எப்படிக் கற்பேன், கற்றேன் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவேன், அந்த ஆதாரத்தை யார், எந்த அளவுகோலில் மதிப்பிடுவார், எப்போது முடிப்பேன். இந்த ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் அந்த வரி திட்டத்தில் இருக்கக் கூடாது.

நம் உதாரணத்திலிருந்து ஒன்று: 'பெரியவர்கள் பிறரின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடக்கும் நிலையிலிருந்து தாமே முடிவெடுக்கும் நிலைக்கு நகர்வதைப் பற்றிய கீகனின் கோட்பாட்டையும், அது மேற்கத்தியத் தனிமனிதப் பார்வை என்ற விமர்சனத்தையும் கற்பேன். மூன்று மூல நூல்கள், ஆறு விமர்சனக் கட்டுரைகள் படிப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரோடு பேசுவேன். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்து ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தக் கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பதினைந்து பக்கக் கட்டுரை எழுதுவேன். உளவியல் பேராசிரியர் மதிப்பிடுவார். டிசம்பர் முதல் வாரத்தில் முடிப்பேன்.' இதைப் படிக்கும் குழுவுக்கு எந்தச் சந்தேகமும் வராது.

சுயமாகப் படிக்கும் பாடங்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தனியாகப் படிக்கும்போது நமக்குப் பிடித்ததையே படிப்போம். மற்ற மாணவர்களோடு உட்காரும் வகுப்பில்தான் பிடிக்காததையும் படிக்க நேரும், எதிர்வாதமும் காதில் விழும்.

ஆறாம் படி: களப்பணியும் அறநெறியும்

இந்தத் துறையில் நம்மை நம்பிப் பேசுபவர்களுக்குத் தீங்கு வரக்கூடிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் இதன் அடித்தளம் 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை: மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி. இந்தியாவில் நிறுவன அறநெறிக் குழுக்கள் இருக்கின்றன. சமூக, நடத்தை ஆய்வுகளும் அவற்றின் பார்வைக்குள் வருகின்றன. ஒப்புதலுக்கு வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும். களப்பணி செமஸ்டருக்கு முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பியுங்கள்.

படிவத்தை நிரப்புவதோடு முடிவதில்லை. எச்.ஆர். அதிகாரி வந்து "உங்களோடு கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டால் ஒரு டெய்லர் 'வேண்டாம்' என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் முடிந்தால் உங்கள் சொந்த கம்பெனியை விட்டு வேறு ஆலையில் ஆய்வு செய்யுங்கள். ஆட்களை சூப்பர்வைசர் மூலமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேசும் இடம் கம்பெனி வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். சம்மதப் படிவத்தை பேச்சுத் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் மொழிபெயர்ப்பாளர் யார், அவருக்கும் கம்பெனிக்கும் என்ன தொடர்பு என்பதையும் எழுதுங்கள். அவர்களை விட்டுவிட்டால், ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு யூனிட்டில் பெண் சூப்பர்வைசர் நான்கு பேர்தான் என்றால், 'முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள், முன்பு செக்கிங்கில் இருந்தவர்' என்று எழுதினாலே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பல ஆலைகளிலிருந்து ஆட்களைச் சேர்ப்பதும், விவரங்களைக் கலந்து எழுதுவதும் ஒரு வழி.

நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கும்போதே, 'தனிநபர் சொன்ன எதுவும் நிர்வாகத்துக்குத் தரப்படாது' என்ற வரியை அதில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆய்வு முடிந்ததும் 'யார் என்ன சொன்னாங்க?' என்று யாராவது தோழமையோடு கேட்கத்தான் செய்வார்கள்.

அப்புறம், ஒரு பெண் பேச்சின் நடுவே பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? 2013 சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. எந்தத் தகவலைக் கையில் வைத்திருப்பீர்கள், யாரிடம் வழிகாட்டுவீர்கள், ரகசியம் காப்பதாகச் சொன்ன உங்கள் வாக்கின் எல்லை எது என்பதையெல்லாம் முதல் நேர்காணலுக்கு முன்பே ஆலோசகரோடு பேசி எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் தவறாகத்தான் முடியும்.

ஏழாம் படி: ஆய்வேடு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் முன்படிகள் சரியாக இருந்தால் இது தானே வரும். ஆய்வேட்டின் வாசகர் யார் என்று முடிவு செய்யுங்கள். குழுவுக்கு ஒரு வடிவம் கட்டாயம். கூடவே, உங்களிடம் பேசிய பெண்களுக்குத் தமிழில் நான்கு பக்கம் எழுதிக் கொடுப்பதாகத் திட்டத்திலேயே சேருங்கள். மதிப்பெண்ணுக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் தந்த நேரத்துக்கு நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

எட்டாம் படி: குழுவின் ஆட்சேபங்களுக்குத் தயாராவது

முதல் வரைவு அப்படியே ஒப்புதல் பெறுவது அபூர்வம். பெரும்பாலும் மூன்று ஆட்சேபங்கள் வரும்.

'இது மிகப் பரந்தது.' இதற்கு விவாதிக்காதீர்கள், குறையுங்கள். எல்லா நிலைப் பதவி உயர்வுகளையும் விட்டு, டெய்லரிலிருந்து லைன் சூப்பர்வைசர் என்ற ஒரே நகர்வோடு நிற்கலாம்.

'இதை ஏற்கெனவே உள்ள எங்கள் பட்டத்தில் படிக்கலாமே?' இதற்கு அந்தத் துறையின் பாடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, உங்கள் கேள்விக்கு எந்த இடத்தில் போதவில்லை என்று குறிப்பிட்டுக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் குழு சொல்வது சரி, அந்தப் பட்டத்திலேயே சேருங்கள்.

'ஆழம் எங்கே?' இதுதான் நியாயமான, கடினமான ஆட்சேபம். பதிலாக, ஒரே துறையில் அறிமுகப் பாடம், இடைநிலைப் பாடம், மேல்நிலைக் கருத்தரங்கு என்று மூன்று பாடங்கள் ஏறுவரிசையில் உங்கள் திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அறிமுகப் பாடங்களில் இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிறுவன உளவியலின் மேல்நிலைக் கருத்தரங்கைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.

ஒப்புதல் வந்த பிறகும் திட்டம் மாறும். செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசகரோடு உட்கார்ந்து, எதை ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஆலோசகர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலோ ஓய்வு பெற்றுவிட்டாலோ, புதிதாக வருபவரிடம் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதங்கள்தான்.